அந்தக் கம்பைலரைக் கட்டியவள் கோமளா

கோமளா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டு செத்துப்போனாள் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவள் டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். மருத்துவமனை கொடுத்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானே வாசித்தேன். கொசுவுக்குச் சேர வேண்டிய பழியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று அவளுடைய காரியத்தன்று பந்தலிலேயே சொல்லப்பட்டது. மீனவ கிராமங்களின் கூட்டுக்குழுச் செயலாளர் தேசப்பன் மைக்கைப் பிடித்து, "நம்ம இ-சேவை கோமளா, நெட்லேர்ந்து ஏதோ சாப்ட்வேர் எறக்கி ஏரிக்குக் கணக்குப் போட்டுக் குடுத்த நல்ல மனசுக்காரி" என்று பேசினார். மனசைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. பல நாள் அவள் மனசு நல்ல மனசாக இருந்ததில்லை. ஆனால் எறக்கினாள் என்றாரே, அது உண்மைக்குப் புறம்பு. அந்தக் கணக்குக்கு வேண்டிய கம்பைலரை அவள் மூல நிரலிலிருந்து தன் கையால் கட்டினாள். இறக்கிய பொருள் என்று சொல்லிவிட்டால் அவள் கணக்கை எடுத்து ஓரமாக வைப்பது சுலபம். அது நடக்கப் பார்க்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

செய்தி வந்த காலையில் நான் மாதா கோயில் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே அவள் அண்ணன் ஏகாம்பரம் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"தங்கச்சி பூடுச்சிம்மா" என்றார்.

"நேத்து சாயங்காலம் என்கிட்ட போன்ல பேசினாளே."

"அதான்மா கடைசி. உங்களாண்ட பேசிட்டு போனக் குடுத்துச்சு. அப்பறம் யாராண்டயும் பேசல."

அந்தப் பேச்சு எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மாடில மிஷின் ஓடிக்கினு கீது இல்ல? நிறுத்திடாதீங்கம்மா. நிறுத்தினா மறுபடி மொதல்லேர்ந்து" என்றாள். ஏகாம்பரம் போன பிறகு மாடிப்படியின் அடியில் நின்று கேட்டேன். விசிறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் போட்டுவிட்டுப் போன கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று நான் பூசைக்குப் போகவில்லை.

நம் ஊர்ப்பக்கம் வரும் இந்த இதழைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குக் கோமளாவைத் தெரியும். சாதிச் சான்றிதழோ பட்டாவோ அவள் மையத்தில் எடுத்திருப்பீர்கள். கூடவே திட்டும் வாங்கியிருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழவேற்காட்டு ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்தில் பிறந்தவள். அப்பா படகு வைத்திருந்தவர். அம்மா ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடித்தவர். கோமளா பொன்னேரியில் கல்லூரி முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் பல வருடம் கம்பைலர்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். பிரிவை மூடிவிட்டார்கள். திரும்பி வந்து பழவேற்காட்டில் இ-சேவை மையம் வைத்தாள். "அவ்ளோ பெரிய எடத்துல இருந்துட்டு இங்க வந்து ஜெராக்ஸ் எடுக்கறியே" என்று யாராவது இரக்கப்பட்டால், "பெரிய எடத்துல இந்தக் காத்து வராதுண்ணா" என்பாள். இரக்கம் அவளுக்கு ஆகாது. எனக்கும் ஆகாது.

நான் பொன்னேரியில் நீதிமன்றச் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமான பிறகு பழவேற்காட்டு வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரு நாள் கோமளா வந்து, "ரெஜினாம்மா, மாடி ரூம் சும்மாதான கீது?" என்றாள்.

"சும்மா இல்ல. எங்க வீட்டுக்காரர் புஸ்தகம் இருக்கு."

"அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும். நான் அதுங்களாண்ட பேசமாட்டேன்."

பசியாவரத்தில் மின்சாரம் வந்து வந்து போகிறது, உப்புக் காற்று கம்ப்யூட்டரை அரிக்கிறது, மிஷினை இங்கே வைத்துக்கொள்கிறேன் என்றாள். சில நிபந்தனைகள் சொன்னேன். செருப்பு வெளியே. அறையில் சாப்பாடு கூடாது. போனில் கத்தக் கூடாது.

"இன்னாம்மா, வேளாங்கண்ணிக்கே இவ்ளோ கண்டிஷன் கெடையாது" என்றாள். ஆனால் ஒன்றையும் மீறவில்லை.

அவளுக்குத் தட்டச்சு வராது. இரண்டு விரலால் குத்துவாள். ஒரு வரிக்கு ஒரு பிழை. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "எழுந்திரு" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். அன்று முதல் அவள் சொல்வாள், நான் அடிப்பேன். ஆகவே இங்கே நான் எழுதுவது கேள்விப்பட்டதல்ல. ஒவ்வொரு கட்டளையும் என் விரல் வழியாகப் போனது.

செய்ய வேண்டியிருந்த வேலை இது. ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிப் போகிறது. மூடாமல் இருக்க இரண்டு பக்கமும் கற்சுவர் போட வேண்டும் என்று கூட்டுக்குழு மனு தயாரித்துக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் போட்டால் ஏரிக்குள் தண்ணீர் எப்படி ஓடும் என்று பார்க்க வேண்டும். கோமளா ஏரியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு போகிறது என்று திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டர் கெட்டிக்காரக் குமாஸ்தா ஒருவர் மாதிரி. எல்லாக் கட்டத்தையும் அவரே போட்டு முடிக்க மாதக்கணக்காகும். கிராபிக்ஸ் கார்டு என்பது பெரிய கூடம் நிறையச் சின்னக் குமாஸ்தாக்கள். ஆளுக்கொரு கட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில். படம் காட்டவும் விளையாடவும் செய்யப்பட்ட கார்டுதான் அது. இந்த வேலைக்கும் அது பொருந்தும்.

பழைய சிநேகிதி ஒருத்தி தனக்கு வேண்டாம் என்று கொடுத்த கார்டு கோமளாவிடம் இருந்தது. அதற்குப் புரியும்படி நிரலை மாற்றிக் கொடுக்கிற மென்பொருளுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். தயாராகக் கிடைக்கும் கம்பைலரை முதலில் போட்டுப் பார்த்தோம். இந்த வகைக் கார்டு இனி ஆதரிக்கப்படாது என்று ஒரே வரியில் நின்றுவிட்டது. செய்தவர்களே அந்தக் கார்டைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

தேசப்பன் அப்போது என் வீட்டு வாசலில் இருந்தார். "விட்டுத் தள்ளு கோமளா. புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம், நான் கமிட்டில பேசறேன்" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"நல்லா கீற வலைய, கடக்காரன் விக்கறத நிறுத்திட்டான்னு கொளுத்திடுவியாண்ணா?" என்றாள் கோமளா.

அந்தக் கம்பைலரின் மூல நிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருந்தது. பழைய கார்டுக்கான பகுதியும் அதற்குள் இன்னும் இருந்தது. தயார்ப் பிரதியைச் செய்யும்போது மட்டும் விட்டுவிட்டார்கள். மூல நிரலை எடுத்து, அந்தப் பகுதியைச் சேர்க்கச் சொல்லி, முழுவதையும் நாமே கட்ட வேண்டும். "முன்னால பூட்டு தொங்குதும்மா. பின்னால செவுரே இல்ல" என்று சிரித்தாள்.

கட்டுவது என்றால் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் அவற்றை இணைப்பது. எத்தனை கோப்புகளை ஒரே சமயத்தில் மாற்றலாம் என்று நாம் சொல்லலாம். கோமளா, "ஒண்ணு" என்றாள். அடித்தேன். அது ஊர்ந்தது. மத்தியானம் மின்சாரம் போயிற்று. வந்தது, தொடர்ந்தோம், மறுபடி போயிற்று. பாதியில் நின்ற கோப்பு கெட்டுப்போய், அதைத் தேடி அழித்து, மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. வாரம் முழுவதும் இப்படியே. "ஏன் ஒண்ணுதான்னு சொல்ற?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "பாடும்மா! பாடு வெச்சிட்டேன்!"

பாடு என்பது ஏரியில் வலை போடும் முறை. எந்த இடத்தில் யார் எந்த நாள் என்று முறை வைத்துக்கொள்வார்கள். பாடு இல்லாதவர் அன்று வலையைக் கரையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். சண்டை வராது. அந்த வழக்கத்தில் வளர்ந்தவள், சண்டையே போட்டுக்கொள்ளாத கோப்புகளுக்கும் முறை வைத்துவிட்டாள். கம்பைலர் பிரிவில் அத்தனை வருடம் இருந்தவள் செய்கிற தவறா அது? பசியாவரத்துக்காரி செய்கிற தவறு.

பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டாள். கோப்புகள் மளமளவென்று மாறின. கடைசியில் இணைக்கிற கட்டம் வந்ததும் மிஷின் விறைத்து நின்றுவிட்டது. இணைப்பு வேலை ஒவ்வொன்றுக்கும் ஏராளமான நினைவகம் வேண்டும். எல்லாம் ஒன்றாக நுழைந்து ஒன்றுக்கும் இடமில்லாமல் போயிற்று. கோமளா அசரவில்லை. மாற்றுகிற வேலைக்கு முறை கிடையாது, இணைக்கிற வேலைக்கு மட்டும் பாடு என்று பிரித்தாள். அன்று மின்சாரமும் மரியாதையாக இருந்தது. சாயங்காலம் தேநீருக்குக் கீழே இறங்கும் முன் கம்பைலர் கட்டி முடிந்திருந்தது. நான் கைதட்டவில்லை. "இன்னும் ஒரு கணக்கும் போடல" என்றேன்.

சொன்னது சரியாயிற்று. இரண்டு நெடுவரிசை எண்களைக் கூட்டும் சின்ன நிரலைக் கார்டில் ஓட்டினோம். சில விடை சரி, சில விடை குப்பை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கோமளா முதல் முறையாக முகம் சுண்டி உட்கார்ந்தாள்.

நீதிமன்றத்தில் நகல் எடுத்தால் அதை ஒருவர் மட்டும் சரிபார்க்க மாட்டோம். ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார்; மற்றவர் நகலில் விரல் வைத்துத் தொடர்வார். கண் ஏமாறும் இடத்தில் காது பிடித்துக்கொள்ளும். சாதாரணக் கம்ப்யூட்டர் போட்ட விடைகளை ஒரு தாளிலும் கார்டு போட்டவற்றை ஒரு தாளிலும் அச்சிடச் சொன்னேன். நான் வாசித்தேன், அவள் "சரி", "தப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரலே தாளம் போட ஆரம்பித்தது. நிறைய "சரி", பிறகு அதே அளவு "தப்பு", மறுபடி "சரி". வாசிப்பதை நிறுத்தினேன். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

கார்டுக்குள் இருக்கும் குமாஸ்தாக்கள் குழு குழுவாக வேலை செய்கிறார்கள். புது கார்டுகளில் குழு சிறியது. இந்தப் பழைய கார்டில் அது இரண்டு மடங்கு. மூல நிரலில் எங்கோ ஒரு மூலையில் யாரோ புது அளவையே எல்லாக் கார்டுக்கும் என்று எழுதிவிட்டிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேர் வேலை சொல்லப்படாமலே நின்றார்கள். அந்த மூலையைத் தேடிப் பிடிக்கவே பல நாளாயிற்று. பிடித்தாள். திருத்தினாள். மறுபடி கட்டினோம், மறுபடி வாசித்தோம். தாள் முடியும்வரை அவள் "சரி" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

இறக்கியதாகச் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். இறக்கிக்கொள்ளக் கிடைத்தது அந்தக் கார்டைத் தொடவே மறுத்தது. திறந்து கிடந்த மூல நிரலை அப்படியே கட்டினால் பாதி விடை தப்பு. சரியான விடை தந்த ஒரே கம்பைலர் என் வீட்டு மாடியில் கோமளா திருத்திக் கட்டியது.

திருத்தத்தை அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினாள். கடிதத்தின் ஆங்கிலத்தை நான் பார்த்தேன். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று ஆபீஸ் மனு மாதிரி முடித்திருந்தாள், அதை நீக்கிவிட்டேன். மரியாதையாக ஒரு பதில் வந்தது. இந்தக் கார்டு எங்கள் பட்டியலில் இல்லை, நன்றி, விஷயத்தை மூடுகிறோம்.

"மூடிட்டாங்கம்மா" என்றாள்.

"மறுபடி எழுது."

எழுதினோம். அதற்குப் பதிலே இல்லை. கோமளா தோளைக் குலுக்கினாள். "அவங்க லிஸ்ட்ல இல்லன்னா இன்னா? என் டேபிள் மேல கீது." திருத்தத்தைத் தன் பெயரோடு பொதுவில் போட்டு வைத்தாள். அதே கார்டை வைத்துக்கொண்டு எங்கெங்கோ தவித்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்துப் பயன்படுத்தி நன்றி எழுதினார்கள். அவற்றை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். தற்பெருமைக்காரி. அந்தப் பெருமைக்குத் தகுதி இருந்தது.

இன்வெர்ட்டர் ஒன்று வைத்துக்கொண்டு ஓட்டிய ஏரிக் கணக்கு முடிந்து கூட்டுக்குழுவில் காட்டிய நாளில்தான் சங்கடம் தொடங்கியது. குழு கேட்கும் இடத்தில் சுவர் போட்டால் முகத்துவாரம் திறந்தே இருக்கும், படகுகளுக்கு நல்லது. ஆனால் வெயில் காலத்தில் பசியாவரத்துப் பக்கம் தண்ணீர் ஓட்டமில்லாமல் நிற்கும். பெண்கள் இறால் தடவும் இடத்தில் சேறு படியும். கொஞ்சம் வடக்கே தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும். இதைத்தான் கணக்கு சொன்னது.

"வடக்கால போனா எங்க ஊரு போட்டுங்க சுத்திக்கினு வரணும்" என்றார் தேசப்பன். "இப்பதான் எல்லா ஊரும் ஒண்ணா கையெழுத்துப் போட்டு கீது. இந்த நேரத்துல நீ வேற கணக்கக் காட்டினா ஆபீசர் சிரிப்பான் கோமளா. கமிட்டி தீர்மானம் ஒண்ணு கீது, தெரியும் இல்ல?"

"தண்ணி உன் தீர்மானத்தப் படிச்சிட்டா ஓடுது?"

"வாய் இருக்குது உனக்கு."

"எனக்கு இருக்குதுண்ணா. தண்ணில குந்திக்கினு எறா தடவறவங்களுக்கு இந்தக் கமிட்டில வாய் எங்க கீது? ஒருத்தி உக்காந்து இருக்காளா, காட்டு."

யாரும் காட்டவில்லை. ஏகாம்பரம் மட்டும், "அத்த வுடு, கணக்கு தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க" என்றார். தப்பென்று யாரும் சொல்லவில்லை. சில மாதத்துக்குத்தானே போட்டிருக்கிறாய், வருடம் முழுவதற்கும் போட்டுக் காட்டு, பார்க்கலாம் என்று தேசப்பன் முடித்தார். நியாயமான கேள்விதான். அந்த முழு வருடக் கணக்குதான் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் மாடியில் ஓடிக்கொண்டிருந்தது.

அவளை அடக்கம் செய்த பிறகு அது ஓடி முடிந்தது. நான் எதையும் நம்பி எடுத்துக்கொள்கிற பழக்கம் இல்லாதவள். கட்டி வைத்திருந்த கம்பைலரை அழித்தேன். அவள் வைத்திருந்த மூல நிரலிலிருந்து, அவள் வரிசைப்படி, நானே முதலிலிருந்து கட்டினேன். மொத்தக் கணக்கையும் மறுபடி ஓட்டினேன். இரண்டு விடைகளையும் ஒப்பிட ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். அவர் வாசித்தார், நான் விரல் வைத்துத் தொடர்ந்தேன். நடுவில் அவர் தாளைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணி குடிச்சிட்டு அதே வரிலேர்ந்து வாசிங்க" என்றேன். வாசித்தார். எல்லா எண்ணும் ஒத்துப்போயின.

முழு வருடக் கணக்கும் பசியாவரத்துப் பக்கம் சேறு படியும் என்றே சொல்கிறது. வடக்கு இடத்துக்கும் ஐப்பசி மழையில் ஒரு குறை இருப்பதை அது காட்டியது. அதையும் கணக்கோடு அப்படியே எழுதியிருக்கிறேன். நான் மறைக்கிறவள் என்று தெரிந்திருந்தால் கோமளா என் வீட்டுப் படியேறியிருக்க மாட்டாள்.

போன வாரம் தேசப்பன் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அம்மா, கோமளா கணக்க மனுவுலேர்ந்து எடுத்துடலாம்னு பேசறாங்க. கேள்வி கேட்டா சொல்றதுக்கு ஆளு இல்ல. நெட்ல எறக்கினதுன்னு வேற சொல்றாங்க."

"சொன்னது நீங்கதான். பந்தல்ல. மைக்ல."

"நான் நல்லதுக்குதாம்மா சொன்னேன்."

"கேள்வி கேட்டா நான் சொல்றேன். என்னை எங்க வேணும்னாலும் கூப்பிடுங்க, வரேன்."

"உங்க வயசுக்கு..."

"என் வயசு என்னுடையது. நீங்க கணக்கைப் பத்திப் பேசுங்க."

பார்க்கலாம் என்று சொல்லி எழுந்து போனார்.

அஞ்சலி எழுதுகிறவர்கள், போனவரிடமிருந்து தமக்கு மிஞ்சியது இன்னதென்று சொல்லி முடிப்பார்கள். நானும் சொல்கிறேன். கோமளாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவளுடைய திமிர். எனக்கென்று ஒரு திமிர் முன்பே உண்டு. நான் செய்தது பிழையில்லாமல் இருக்கும் என்பதில் வருவது அது. அவளுடையது வேறு வகை. விடை பாதி குப்பையாக வந்த பிறகும், வெட்கப்படாமல், குப்பை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்காரும் திமிர். பட்டியலில் இல்லை என்று சொன்னால், பட்டியலை யார் எழுதினார்கள் என்று திருப்பிக் கேட்கும் திமிர். இந்த வயதில் அது எனக்கு நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கூட்டுக்குழுச் செயலாளர் அவர்களுக்கு: கோமளாவின் கணக்கு, முழுவதுமாக, அவள் பெயரோடு, மனுவுடன் இணைக்கப்படுமா, படாதா? இல்லை என்றால் காரணம் என்ன? வீட்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டாம். எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு, பதில் கொடுங்கள்.

ரெஜினா
பழவேற்காடு